பில்ட் கருவிக்குக் குறைந்தபட்சப் பதிப்பு: யாருடைய கணினியை வைத்து முடிவெடுப்பது?

மூலநிரலை எப்படிக் கட்டுவது (பில்ட் செய்வது) என்று திட்டமிடும் சிமேக் என்ற கருவியின் 4.0 பதிப்பு 2025 மார்ச்சில் வெளியானது. அதுவரை சிக்கலில்லாமல் கம்பைல் ஆகிக்கொண்டிருந்த பல பழைய திட்டங்கள் அதில் முதல் வரியிலேயே நின்றுவிட்டன. 3.5-க்கு முந்தைய பதிப்புகளுக்கான இணக்கம் நீக்கப்பட்டுவிட்டது என்று பிழைச்செய்தி வந்தது. மூலநிரலில் யாரும் எதையும் மாற்றியிருக்கவில்லை. மாறியது கருவி மட்டும்தான்.

அதே ஆண்டு ஜூலையில் நேரெதிரான ஒன்று நடந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 6.16 பதிப்பு வந்தபோது, இனி ஜிசிசி 8.1-க்குக் குறைந்த கம்பைலரில் கெர்னலைக் கட்ட முடியாது என்று எல்லையை உயர்த்தினார்கள். அதற்கு முன் 5.1 போதுமானதாக இருந்தது.

முதல் நிகழ்வில் புதிய கருவி பழைய திட்டத்தைக் கைவிட்டது. இரண்டாவதில் புதிய திட்டம் பழைய கருவியைக் கைவிட்டது. கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் நிரல் எழுதும் தமிழ் மாணவர்களுக்கு இரண்டு வகைப் பிழையும் வரும். வீட்டு மடிக்கணினியில் புத்தம்புது டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பு) இருக்கும், ஆய்வகத்தில் சில ஆண்டு பழைய டிஸ்ட்ரோ இருக்கும். ஒரே மூலநிரல் ஒன்றில் ஓடும், இன்னொன்றில் ஓடாது. இந்த எல்லைகளை யார், எதை வைத்து முடிவுசெய்கிறார்கள் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

பில்ட் கருவி என்பது ஒன்றல்ல

மூலநிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றத் தேவைப்படும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பில்ட் கருவிகள் என்கிறோம். இவற்றை ஒரே கூடையில் போடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. ஒரு சி++ திட்டத்தை எடுத்துக்கொண்டால் குறைந்தது நான்கு அடுக்குகள் இருக்கின்றன.

1. கம்பைலரும் அதோடு வரும் நிலையான நூலகமும். ஜிசிசி, கிளாங் ஆகியவை. மாற்றுவதற்கு மிகக் கடினமானது இதுதான். காரணம், நூலகம் இயங்குதளத்தோடு பின்னிக் கிடக்கிறது.

2. பில்ட் அமைப்பு. சிமேக், மெசான், ஆட்டோகான்ஃப் போன்றவை. எந்தக் கோப்பை எப்படிக் கம்பைல் செய்வது என்று திட்டமிடும் கருவிகள். சிமேக்கையும் மெசானையும் பைத்தானின் பொதி நிறுவியான பிப் வழியாக வீட்டு அடைவிலேயே நிறுவிக்கொள்ளலாம், நிர்வாகியின் கடவுச்சொல் தேவையில்லை.

3. துணை மொழிகள். பில்டின் நடுவே ஓடும் பைத்தான், பெர்ல் நிரல்கள்.

4. சார்ந்திருக்கும் நூலகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு குறைந்தபட்ச எல்லை உண்டு.

"சிமேக் பதிப்பை உயர்த்தலாமா" என்பதும் "கம்பைலர் பதிப்பை உயர்த்தலாமா" என்பதும் ஒரே எடையுள்ள கேள்விகள் அல்ல. முதலாவதற்கு ஒரு பயனர் பத்து நிமிடத்தில் வழி தேடிக்கொள்வார். இரண்டாவதற்கு இயங்குதளத்தையே மாற்ற வேண்டியிருக்கலாம். எல்லையை உயர்த்தும் விவாதங்களில் இந்த வேறுபாட்டை முதலிலேயே பேசிவிட்டால் சண்டை பாதியாகக் குறையும்.

அந்த எண் செய்யும் இரண்டு வேலைகள்

சிமேக் கோப்பின் தொடக்கத்தில் குறைந்தபட்சப் பதிப்பை எழுதுகிறோம். அதற்குக் கீழே உள்ள சிமேக்கில் ஓட்டினால் அங்கேயே நின்றுவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த வேலை.

தெரியாத வேலை இன்னொன்று இருக்கிறது. அந்த எண்தான், எந்தக் காலத்துச் சிமேக்கைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சொல்கிறது. நீங்கள் 3.5 என்று எழுதியிருந்தால், உங்களிடம் 3.28 இருந்தாலும் அது பல இடங்களில் 2016-இல் வந்த 3.5 நடந்துகொண்டபடியே நடக்கும். சிமேக் இந்த நடத்தைகளை பாலிசி என்று அழைக்கிறது. பழைய திட்டங்கள் உடையக்கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் ஒவ்வொரு பழைய நடத்தையையும் நிரலுக்குள் சுமந்துகொண்டே இருப்பது சிமேக்கைப் பராமரிப்பவர்களுக்குப் பெரும் சுமை. அதனால்தான் 2023-இல் வந்த 3.27-லேயே 3.5-க்குக் கீழே எழுதியவர்களுக்கு எச்சரிக்கை வரத் தொடங்கியது. 3.31-இல் எச்சரிக்கை 3.10 வரை ஏறியது. 4.0-இல் 3.5-க்கு முந்தைய நடத்தைகளை நீக்கியேவிட்டார்கள்.

ஆக, 2025-இல் உடைந்த திட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்பட்டது ஒரு வரித் திருத்தம்தான். திருத்த ஆளில்லாத திட்டங்களுக்கு, பாலிசியின் குறைந்தபட்சப் பதிப்பு 3.5 என்று கட்டளை வரியில் ஒரு மாறியைக் கொடுத்துத் தற்காலிகமாகத் தப்பிக்கலாம்.

இந்த இரண்டு வேலைகளையும் பிரிக்க ஒரு வழி உண்டு, பலரும் இதைப் பயன்படுத்துவதில்லை. ஒற்றை எண்ணுக்குப் பதிலாக 3.10-இலிருந்து 3.31 வரை என்று நடுவே மூன்று புள்ளி வைத்து வரம்பாக எழுதலாம். முதல் எண் கதவு: அதற்குக் கீழே அனுமதி இல்லை. இரண்டாவது எண் நடத்தை: அதுவரையிலான புதிய நடத்தைகளை ஏற்றுக்கொள்கிறேன் என்று பொருள். பழைய கணினியையும் விட்டுவிடாமல், புதிய சிமேக்கிலும் எச்சரிக்கை வராமல் இருக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. வரம்பைப் புரிந்துகொள்ளும் வசதி 3.12-இல்தான் வந்தது. அதைவிடப் பழையவை முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும், உடையாது.

உயர்த்துவதற்கு நியாயமான காரணங்கள் எவை

"புதிது வந்துவிட்டது, உயர்த்துவோம்" என்பதை நான் காரணமாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஏற்கத்தக்க காரணங்கள் மூன்று இருக்கின்றன.

முதலாவது, பழைய கருவியில் உள்ள பிழை. இதில் பேரம் பேச இடமில்லை. 64-பிட் ஆர்ம் செயலிகளுக்குக் கெர்னலைக் கட்டும்போது, ஜிசிசி 5.1-க்கு முந்தைய பதிப்புகள் ஸ்டாக் நினைவகத்தைத் தவறான வரிசையில் தொடும் நிரலை உருவாக்கின. அதன் விளைவு எங்கோ கோப்பு முறைமையில் செக்சம் (தரவு சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்) பிழையாக வெளிப்பட்டது. கம்பைலர் மேல் யாருக்கும் சந்தேகமே வராத இடம் அது. 2021 ஜனவரியில் ஆர்ம் 64-பிட்டுக்கு மட்டும் எல்லையை 5.1-க்கு உயர்த்தினார்கள். பிறகு அந்த ஆண்டிலேயே கெர்னல் 5.15-இல் எல்லாச் செயலிகளுக்கும் அதுவே எல்லையானது.

இரண்டாவது, திட்டத்துக்கு உண்மையிலேயே தேவைப்படும் வசதி. சி++17-இன் ஃபைல்சிஸ்டம் நூலகம் நல்ல எடுத்துக்காட்டு. அடைவுகளுக்குள் புகுந்து கோப்புகளைத் தேட இயங்குதளத்துக்கு ஒரு நிரல் என்று எழுதிக்கொண்டிருந்த நிலையை அது மாற்றியது. ஜிசிசி 7-இல் அது சோதனை வடிவில் மட்டுமே இருந்தது. 8-இல் முறையாக வந்தாலும் தனி நூலகத்தை இணைக்க வேண்டியிருந்தது. 9-இல்தான் எந்தக் கூடுதல் வேலையும் இல்லாமல் ஓடியது. நூறு வரி நிரலை நீக்கிவிடலாம் என்றால் எல்லையை உயர்த்துவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு வரி அழகாக வரும் என்பதற்காக உயர்த்துவதற்கு அந்தக் கணக்கு இல்லை.

மூன்றாவது, பராமரிப்புச் சுமை. "பழைய கம்பைலராக இருந்தால் இப்படி, புதியதாக இருந்தால் அப்படி" என்று நிரல் முழுக்க நிபந்தனைகள் சேர்ந்துகொண்டே போகும். பழைய கிளை ஓடுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கெர்னலின் ஆவணத்தில் 2002-இல் வந்த ஜிசிசி 3.2 என்பதே 2018 வரை குறைந்தபட்சமாக இருந்தது. ஆனால் அத்தகைய பழைய கம்பைலர்களால் பல செயலி வகைகளுக்குக் கெர்னலைக் கட்டவே முடியாத நிலை எப்போதோ வந்துவிட்டது. கெர்னல் 4.19-இல் அதை ஜிசிசி 4.6 ஆக்கியபோது, நடைமுறையில் எப்படி இருந்ததோ அதைத்தான் ஆவணத்தில் எழுதினார்கள்.

உயர்த்தினால் யாருக்குச் சிக்கல்

விவாதத்தில் அதிகம் தவறிப்போகும் கேள்வி இது. டெபியன், உபுண்டு போன்றவற்றின் நிலையான வெளியீடுகள் பொதுவாக உங்கள் மென்பொருளின் புதிய பதிப்பை எடுப்பதில்லை, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டுமே எடுக்கும். புதிய பதிப்பு அடுத்த வெளியீட்டில்தான் போகும், அங்கே கருவிகளும் புதிதாகவே இருக்கும். பொதி மூலம் நிறுவும் சாதாரணப் பயனருக்கு பில்ட் எல்லை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அப்படியானால் பழைய கருவியை வைத்துக்கொண்டு புதிய மூலநிரலைக் கட்டுபவர் யார்? மூன்று வகையினர்: இயங்குதளத்தை எளிதில் மாற்ற முடியாத நிறுவனங்களில் இருப்பவர்கள், புதிய மென்பொருளைப் பழைய டிஸ்ட்ரோவில் ஓடும்படி கொண்டுபோகிறவர்கள் (பேக்போர்ட் செய்பவர்கள்), பங்களிக்க வரும் புதியவர்கள். மூன்றாவது வகைதான் எண்ணிக்கையில் குறைவாகத் தெரிந்தாலும் திட்டத்தின் எதிர்காலத்துக்கு முக்கியம்.

இங்கே கேரள எல்லைப்பகுதியை எடுத்துக்கொள்வது பொருத்தம். கேரள அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி முழுக்கக் கட்டற்ற மென்பொருளில் நடக்கிறது. அதற்காக கைட் என்ற அரசு நிறுவனம் உபுண்டுவை அடித்தளமாக வைத்துத் தனி இயங்குதளம் தருகிறது. முதலில் 18.04-ஐ ஒட்டி ஒரு பதிப்பு, பிறகு 22.04-ஐ ஒட்டி இன்னொன்று. ஐடி பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் வருகின்றன. சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் லினக்ஸைச் சந்திப்பது இந்த ஆய்வகங்களில்தான். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே இயங்குதளம் என்பதால் ஆசிரியரால் நினைத்தபோது கம்பைலரை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது.

ஒரு பிள்ளை தமிழ்ச் செயலி ஒன்றின் மூலநிரலை எடுத்துக் கட்டிப் பார்க்கிறது என்று வையுங்கள். "உன் கருவி பழையது" என்ற செய்தியோடு அது நின்றால், அந்தப் பிள்ளை திரும்ப வருவது கடினம். எல்லையை உயர்த்துபவரின் மடிக்கணினியில் இந்த இழப்பு தெரியவே தெரியாது. புகார் சொல்லத் தெரிந்தவர்கள் புகார் சொல்வார்கள், இவர்கள் சொல்லமாட்டார்கள். அதனால்தான் எல்லையை முடிவுசெய்யும் விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

விதியாக எழுதிவைத்த திட்டங்கள்

க்யூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் இதைத் தெளிவாகச் செய்திருக்கிறது. நீண்டகால ஆதரவுள்ள டிஸ்ட்ரோக்களின் சமீபத்திய பெரிய வெளியீட்டை, அது வந்து ஐந்து ஆண்டுகள் வரை ஆதரிப்போம். அதற்கு முந்தைய வெளியீட்டை, புதியது வந்து 2 ஆண்டுகள் வரையோ, அதை வெளியிட்டவரே ஆதரவை நிறுத்தும் வரையோ, எது முதலில் வருகிறதோ அதுவரை ஆதரிப்போம். இவ்வளவுதான் விதி.

இதில் கருவி பதிப்பு எண் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்தப் பட்டியலில் உள்ள டிஸ்ட்ரோக்களில் எதில் கம்பைலர் மிகப் பழையதோ அதுவே கம்பைலரின் எல்லை. சார்ந்திருக்கும் நூலகங்களுக்கும் பெரும்பாலும் அப்படியே. எண்ணை யாரும் விவாதிப்பதில்லை, கணக்குப் போட்டால் வந்துவிடுகிறது. ஒரு டிஸ்ட்ரோ எப்போது பட்டியலிலிருந்து விழும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் அணுகுமுறை வேறு. தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை பில்ட் ஃபார்ம் என்ற ஏற்பாட்டில் இணைத்து, மூலநிரலைத் தொடர்ந்து கட்டிச் சோதித்து முடிவுகளை அனுப்புகிறார்கள். ஒரு தளம் ஆதரிக்கப்படுகிறது என்றால், அண்மையில் அதில் கட்டிச் சோதனைகள் தேறியிருக்க வேண்டும் என்பது அவர்கள் இலக்கணம். பழைய தளம் வேண்டுமென்றால் அதை ஓட்டிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். சிறிய திட்டங்களுக்கும் இது நல்ல பாடம் என்று நினைக்கிறேன். ஆதரவு என்பதை வாக்குறுதியாக வைக்காமல் சான்றாக வைக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கொழிஞ்சாம்பாறையிலும் பொள்ளாச்சியிலும் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து தமிழ்–மலையாள அகராதிச் செயலி ஒன்றை சி++-இல் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிமேக்கில் பில்ட் செய்கிறார்கள். எல்லையை எங்கே வைப்பது?

முதலில் தளங்களின் பட்டியல். உபுண்டு 18.04-இல் சிமேக் 3.10, ஜிசிசி 7. உபுண்டு 20.04-இல் 3.16, ஜிசிசி 9. உபுண்டு 22.04-இல் 3.22, ஜிசிசி 11. டெபியன் 12-இல் 3.25, ஜிசிசி 12. உபுண்டு 24.04-இல் 3.28, ஜிசிசி 13.

அடுத்து ஆதரவுக் காலம். 18.04-க்கான வழக்கமான ஆதரவு 2023-இலும், 20.04-க்கானது 2025-இலும் முடிந்துவிட்டது. 22.04-க்கு 2027 வரை இருக்கிறது. பள்ளிகளுக்கான புதிய இயங்குதளமும் 22.04-ஐ ஒட்டியதுதான்.

ஆக எல்லை 22.04-இல் நிற்கிறது: சிமேக் 3.22, ஜிசிசி 11. ஃபைல்சிஸ்டம் நூலகத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். குழுவில் ஒருவர் சி++20-இன் ஃபார்மேட் நூலகம் வேண்டும் என்கிறார். அது ஜிசிசி 13-இல்தான் வருகிறது. அதை ஏற்றால் 22.04-உம் டெபியன் 12-உம் ஒரே அடியில் வெளியே போய்விடும். வேண்டாம். எஃப்எம்டி என்ற தனி நூலகத்தைச் சேர்த்துக்கொண்டால் அதே வசதி கிடைக்கும், யாரும் வெளியேற வேண்டியதில்லை.

இன்னும் 18.04-இல் இருக்கும் ஆய்வகங்கள்? அங்கே கட்டவேண்டும் என்று இல்லை, ஓடினால் போதும் என்றால் வேறு வழி இருக்கிறது. ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம்; கட்டி முடித்த ஒரு பைனரி, தான் கட்டப்பட்ட ஜிலிப்சியைவிடப் பழைய ஜிலிப்சியில் பொதுவாக ஓடாது. 22.04-இல் ஜிலிப்சி 2.35, 18.04-இல் 2.27. எனவே 18.04 கன்டெய்னருக்குள் (கணினிக்குள் தனியாக ஓடும் இயங்குதளச் சூழலுக்குள்) புதிய கம்பைலரை நிறுவிக் கட்டி, சி++ நூலகத்தையும் உள்ளேயே இணைத்துக் கொடுத்தால் பழைய கணினியிலும் ஓடும். கட்டுவதற்கான எல்லையும் ஓடுவதற்கான எல்லையும் வேறு வேறாக இருக்கலாம். இதைப் பல திட்டங்கள் யோசிப்பதேயில்லை.

எழுதிய எண் உண்மையா

ரீட்மீயில் சிமேக் 3.10 போதும் என்று இருக்கும். யாரோ ஒருவர் 3.14-இல் வந்த கட்டளையை எழுதிவிட்டுப் போயிருப்பார். எல்லோரிடமும் புதிய சிமேக் இருப்பதால் பிழை வராது. பழைய கணினிக்காரர் வரும்போதுதான் எண் பொய் என்று தெரியும்.

மெசான் இதில் உதவுகிறது. நீங்கள் அறிவித்த பதிப்பைவிடப் புதிய வசதியைப் பயன்படுத்தினால் அதுவே எச்சரிக்கும். சிமேக் அப்படிச் சொல்வதில்லை. அதனால் தானியங்கிச் சோதனையில் ஒரு வேலையை எல்லைப் பதிப்பிலேயே ஓட்ட வேண்டும். கிட்ஹப் தன் உபுண்டு 20.04 இயந்திரங்களை 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டது போல, சோதனைச் சேவைகள் பழையவற்றை நிறுத்திக்கொண்டே இருக்கும். கன்டெய்னரில் ஓட்டினால் அந்தக் கவலை இல்லை. எல்லைப் பதிப்பில் சோதனை ஓட்ட முடியாத திட்டம் அந்த எண்ணை எழுதாமல் இருப்பதே நேர்மை.

மற்றவர் வழியாக உயரும் எல்லை

நீங்கள் எண்ணைத் தொடாமலே எல்லை உயரலாம். சார்ந்திருக்கும் நூலகங்களில் எதன் எல்லை உயரமோ அதுதான் உங்களுடையதும். 2021 பிப்ரவரியில் பைத்தானின் கிரிப்டோகிராஃபி பொதி 3.4-ஆம் பதிப்பிலிருந்து ரஸ்ட் கம்பைலரைக் கேட்கத் தொடங்கியது. அதை நேரடியாகப் பயன்படுத்துவதே தெரியாத பலரின் பில்டுகள் நின்றன. ரஸ்ட் கம்பைலரே இல்லாத பழைய செயலி வகைகளுக்குப் பிறகு வந்த பதிப்புகளில் வழியே இல்லாமல் போனது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கீழ்நிலை நூலகம் ஒன்றில் எடுக்கும் முடிவு எத்தனை மாடி மேலே கேட்கும் என்பதை அது காட்டியது. ரஸ்ட் உலகம் இதற்கு ஒரு தீர்வும் கண்டிருக்கிறது. ஒவ்வொரு பொதியும் தன் குறைந்தபட்ச ரஸ்ட் பதிப்பை அறிவிக்கலாம். 2025 ஜனவரியில் வந்த 1.84 முதல், அந்த எண்ணைப் பார்த்து உங்கள் கம்பைலருக்குப் பொருந்தும் நூலகப் பதிப்பைத் தேர்வுசெய்யும்படி ரஸ்டின் பொதி மேலாளரான கார்கோவை அமைத்துக்கொள்ளலாம்.

ஆட்டோகான்ஃப் திட்டங்களில் இன்னொரு திருப்பம். மூலநிரலைச் சுருக்கித் தரும் வெளியீட்டு டார் கோப்பிலேயே உருவாக்கப்பட்ட கான்ஃபிகர் நிரல் இருக்கும், பயனருக்கு ஆட்டோகான்ஃப் தேவைப்படாது. எனவே அதன் பதிப்பு எல்லை நிரலாளர்களின் கவலையாக மட்டும் இருந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் நூலகத்தில் பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டபோது, பின்கதவை இயக்கிய கோப்பு கிட் களஞ்சியத்தில் இல்லை, டார் கோப்பில் மட்டும் இருந்தது என்று தெரிந்தது. களஞ்சியத்திலிருந்தே நேராகக் கட்டுவதுதான் பாதுகாப்பு என்ற குரல் அதன்பிறகு வலுத்திருக்கிறது. அப்படிக் கட்டுபவருக்கு ஆட்டோகான்ஃப் எல்லை மறுபடியும் முக்கியம்.

எப்போது உயர்த்துவது

1. பெரிய வெளியீட்டில் மட்டும். 2.4.1-இலிருந்து 2.4.2 போன்ற திருத்த வெளியீட்டில் எல்லையைத் தொட்டால், பாதுகாப்புத் திருத்தம் தேவைப்படுபவர் கருவியையும் மாற்ற வேண்டியதாகிவிடும்.

2. ஒரு வெளியீட்டுக்கு முன்பே அறிவித்து. பழைய பதிப்பில் கட்டினால் எச்சரிக்கை காட்டி, அடுத்ததில் நிறுத்தலாம். சிமேக் இப்படித்தான் செய்தது. அந்த எச்சரிக்கைகளைப் பார்த்துத் திருத்தியவர்களின் திட்டங்கள் 4.0-இல் இதனால் உடையவில்லை.

3. தேவைப்படும் வசதியைச் சுட்டி. "3.22-க்கு உயர்த்துகிறோம்" என்று மட்டும் எழுதாமல், எந்த டிஸ்ட்ரோ பட்டியலிலிருந்து விழுகிறது, அதற்குப் பதிலாக எந்த நிரல் நீக்கப்படுகிறது என்பதைக் கமிட் செய்தியிலேயே எழுத வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து இதே எண்ணை மாற்ற வருபவருக்கு அதுதான் ஒரே ஆவணம்.

4. பிழைச்செய்தியைச் சரியாக எழுதி. பதிப்பு போதாது என்று சொன்னால் மட்டும் போதாது. பிப் மூலம் புதிய சிமேக்கை நிறுவும் கட்டளை, பழைய டிஸ்ட்ரோக்களுக்கான கடைசிக் கிளையின் பெயர் இரண்டையும் அந்தச் செய்தியிலேயே கொடுத்தால், இணையம் மெதுவான ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவரும் அடுத்து என்ன செய்வது என்று தேடி அலையமாட்டார்.